சவ்தா பேட்டரியை மிச்சம் பிடிக்கவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. குமரி மாவட்டம் சொந்த ஊர். மூன்று வருடமாக ஜெருசலேமில் 84 வயது யூத மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அவரைச் சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். அவருடைய மருமகள் வாரம் ஒரு தடவை வருவார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். உட்காரக்கூட மாட்டார். மளிகை சாமான் வியாழக்கிழமை பெட்டியில் வந்துவிடும் என்பதால் எனக்குக் கடை வேலை இல்லை. மருமகள் இப்படி வந்து போவதைச் சவ்தாவின் மகளிடம் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவர்கள் இருவருக்கும் பெரிய சண்டையாகி, இப்போது மருமகள் வருவதே இல்லை. சவ்தா ஒரு நாள் ‘லஷோன் ஹரா’ என்று முனகினார். தீய நாக்கு என்று அர்த்தமாம். நான் என்ன பொய்யா சொன்னேன்? இப்போதெல்லாம் நான் பேச வாயெடுத்தாலே காது மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் போல. அது அங்கே கிடந்து கீச்சுக்கீச்சென்று கத்தும். ஊரில் என் நாத்தனார் செய்ததை நான் சொல்ல விரும்பவில்லை, சொன்னால் நாறிவிடும். எங்கே போனாலும் எனக்குத்தான் கெட்ட பெயர். இந்த வீட்டு வேலையை விட்டுவிடலாமா?

பதில்: என் அம்மா ஆறு வருடம் காது மெஷின் போட்டிருந்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைப்பவர் அந்த மெஷினில் இருக்கும் குட்டிக் கதவை நகத்தால் நெம்பித் திறந்து வைப்பார். அப்போதுதான் அது அணையும். கழற்றி அப்படியே மேசையில் போட்டால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், விசிலடிக்கும். உங்கள் சவ்தாவின் மெஷின் கீச்சிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் அந்த மெஷினைத் துடைத்துக் கொடுத்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள மனமில்லை.

யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதில் ஓர் இடம் வருகிறது. மனிதனின் விரல் ஏன் முளைக்குச்சி போல நுனி ஒடுங்கி இருக்கிறது? தகாத பேச்சு வந்தால் காதில் வைத்து அடைத்துக்கொள்ள. காது முழுக்கக் கெட்டியாக இருக்க, கீழே தொங்கும் மடல் மட்டும் ஏன் மெத்தென்று இருக்கிறது? மடக்கிக் காதுக்குள் செருகிக்கொள்ள. படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. சவ்தாவுக்கு மடலை மடக்கும் சிரமம்கூட வேண்டாம், மெஷினைக் கழற்றினால் போதும்.

மெஷின் இல்லாதபோது அவருக்குக் காலிங் பெல் கேட்காது. “தரை ஈரமா இருக்கு, பார்த்து வாங்க” என்று நீங்கள் சமையலறையிலிருந்து கத்தினாலும் கேட்காது. அந்த வயதில் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அதைவிடத் தன் மருமகளைப் பற்றி உங்கள் வாயிலிருந்து வருவதுதான் ஆபத்து என்று ஒரு கிழவி கணக்குப் போட்டு, தன் வீட்டிலேயே செவிடாக உட்கார்ந்திருக்கிறார். உங்களைத் திட்டி அனுப்ப அவரால் முடியாது. ராத்திரி பாத்ரூம் போக உங்கள் தோளைத்தானே பிடிக்க வேண்டும்? நீங்கள் என்னவென்றால் பேட்டரி என்று எழுதுகிறீர்கள்.

அடுத்தது ‘உள்ளதைத்தான் சொன்னேன்’. இந்த வரி இல்லாமல் எனக்கு ஒரு கோள் கடிதம்கூட வந்ததில்லை. பொய்யாக ஒருவர் பெயரைக் கெடுத்தால் யூதர்கள் அதை மோட்ஸி ஷெம் ரா என்பார்கள், அது வேறு கணக்கு. லஷோன் ஹரா என்பதே உள்ளதைச் சொல்லி ஒருவரைக் கெடுப்பதுதான். அங்கே நடந்ததை இங்கே கொண்டுவந்து மூட்டிவிடுவதற்கு ரெகிலுத் என்று பெயர். ஊர் ஊராகப் போகிற சில்லறை வியாபாரியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு, தல்மூதின் இன்னொரு தொகுப்பான ஜெருசலேம் தல்மூது அதைச் சேர்த்துப் பேசுகிறது. சரக்கு அசலா போலியா என்பது அங்கே கேள்வியே இல்லை.

குமரிக்காரர் என்கிறீர்கள், பைபிள் கதைகள் காதில் விழாமல் இருந்திருக்காது. தோவேக்கு என்ன பொய் சொன்னான்? ஆசாரியன் அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பமும் வாளும் கொடுத்தது நடந்ததுதான். நடந்ததை, தாவீதைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த ராஜா சவுலிடம் போய்ச் சொன்னான். 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். சொன்னவன், கேட்டவன், சொல்லப்பட்டவன் மூவரையும் இந்த நாக்கு கொல்லும் என்கிறது தல்மூது. உங்கள் வீட்டுக் கணக்கில் நாலாவதாக ஒருவர் மேசை மேல் மெஷினை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாத்தனார் என்றதும் மிரியாம் நினைவு வந்தது. குழந்தை மோசேயை நாணல் பெட்டியில் விட்டபோது கரையில் நின்று காவல் காத்த அக்கா அவள். பிற்பாடு தம்பி கட்டிக்கொண்ட பெண்ணை வைத்துத்தான் அவள் பேச்சு ஆரம்பித்தது. அதற்குத் தண்டனையாகக் குஷ்டம் கண்டு ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். யூதர்கள் இன்றும் நாக்கைப் பற்றிப் பேசினால் இவளிடம்தான் வந்து நிற்பார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கடைசி வரி. அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் கூடாரத்தைக் கிளப்பவில்லை. ஒருத்தியின் வாயால் ஊரே நின்றது, ஆனாலும் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை.

உங்கள் நாத்தனாரை எனக்குத் தெரியாது. ‘சொல்ல விரும்பவில்லை, சொன்னால் நாறிவிடும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் என்னதான் செய்திருப்பார் என்று அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா வேலையை? 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்து எழுதிய யூத அறிஞர் ரம்பாம் ‘லஷோன் ஹராவின் தூசு’ என்று ஒரு வகை சொல்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணமே ‘அவனைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை’ என்பதுதான். எண்ணூறு வருடத்துக்கு மேலாகியும் ஒரு சொல் மாறவில்லை.

அப்படியானால் வாயையே திறக்கக் கூடாதா என்பீர்கள். திறக்க வேண்டிய இடம் உண்டு. லேவியராகமம் 19:16 கோள் சொல்லித் திரியாதே என்று ஆரம்பிக்கிறது. அதே வசனத்தின் அடுத்த பாதியை, அயலான் ரத்தம் சிந்தும்போது சும்மா நிற்காதே என்று யூதர்கள் படிக்கிறார்கள். மருமகள் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தால், பணத்தை எடுத்திருந்தால், நீங்கள் பேசாமல் இருந்ததுதான் குற்றமாகியிருக்கும். 1873-ல் வில்னா நகரில் இந்த நாக்கைப் பற்றி ஒரு புத்தகம் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. எழுதியவர் ராதின் ஊர் ரபி, அதாவது யூத மதகுரு, இஸ்ரேல் மேயர். சங்கீதம் 34-ல் ‘ஜீவனை விரும்புகிறவன்’ என்று வருகிற சொல்லே, ஹஃபெட்ஸ் ஹயீம் என்று புத்தகத்துக்கும் பிறகு அவருக்கும் பெயராகிவிட்டது. எப்போது பேசலாம் என்பதற்கு அவர் ஏழு நிபந்தனை வைக்கிறார். கண்ணால் பார்த்திருக்க வேண்டும், தீர விசாரித்திருக்க வேண்டும், கூட்டிச் சொல்லக் கூடாது, சம்பந்தப்பட்டவரிடமே முதலில் நேராகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், இப்படிப் போகிறது.

நீங்கள் எதில் தேறுவீர்கள்? ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார் என்கிறீர்கள். வியாழக்கிழமை சாமான் பெட்டி வருகிறது என்றும் எழுதுகிறீர்கள். அந்தப் பெட்டியை அனுப்புவது யார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? அந்தப் பெண் எந்த வேலைக்கு ஓடுகிறார், வீட்டில் எத்தனை குழந்தைகள், கீழே வண்டியில் யார் காத்திருக்கிறார்கள்? ஒரு காபியை நீட்டி, “உட்காருங்க, சவ்தா உங்களைத் தேடுறாங்க” என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் அரை மணி நேரமாகியிருக்கலாம். நீங்கள் மகளிடம் போனீர்கள். மகளுக்குக் கேட்க இனித்தது, உங்களுக்குச் சொல்ல இனித்தது.

நான் பழைய ஆள். இன்னொருவர் வீட்டுக்குள் சம்பளத்துக்கு இருப்பவர் கண்ணில் நல்லது கெட்டது எல்லாம் படும், வேறு வழியில்லை. அது வாசற்படி தாண்டக் கூடாது. மாமியாரைப் பார்க்க மருமகள் பத்து நிமிஷம்தான் வந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் அந்தக் குடும்பத்தின் சொத்து. இப்போது அதுவும் இல்லாமல் போய்விட்டது.

வேலையை விட வேண்டாம். அடுத்த வீட்டிலும் ஒரு மருமகள் இருப்பார். இந்த மருமகளின் வீட்டுக்குப் போய், “நான் பேசியது தப்பு” என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரும் தீர்க்காது என்பது அவர்கள் சட்டம். அவர் முகம் கொடுக்காவிட்டால் இரண்டாம் தடவை போங்கள், மூன்றாம் தடவையும் போங்கள். அப்புறம் மகளிடம், “பத்து நிமிஷத்தைத்தான் பார்த்தேன், காரணத்தைக் கேட்கவே இல்லை” என்று சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தேன் என்று சவ்தாவிடம் போய்க் கதை சொல்லாதீர்கள்.

அதுவரை அவர் மெஷினைக் கழற்றி வைத்தால், அந்தக் குட்டிக் கதவை நீங்கள் திறந்து வையுங்கள். பேட்டரியாவது மிச்சமாகட்டும்.