சில்லுகள் அல்ல

அன்புள்ள ஐயா,

அணுக்கரு மோதல் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு ஈய அணுக்கருக்களில் புரோட்டானும் நியூட்ரானுமாக மொத்தம் 416தான் இருக்கின்றன. மோதலில் 20,000க்கும் மேற்பட்ட துகள்கள் வெளிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் உள்ளே எங்கே ஒளிந்திருந்தன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கும் ஒளிந்திருக்கவில்லை. மோதிய பிறகுதான் அவை பிறந்தன. 'அணுக்கருவை உடைக்கிறார்கள்' என்று எழுதி எழுதி, கண்ணாடி உடைந்து சில்லு தெறிப்பதுபோன்ற படத்தை மனத்தில் பதித்துவிட்டோம். என் கட்டுரையிலும் அந்தச் சொல் இருந்தது, திருத்திவிடுகிறேன்.

2015இல் செர்ன் ஆய்வகத்தில் நடந்த ஈய மோதல்களில் ஒவ்வொரு புரோட்டானும் தன் நிறைக்கு ஈடான ஆற்றலைப்போல ஏறத்தாழ 2,700 மடங்கைச் சுமந்து வந்தது. கைமுதல் அதுதான்; அந்த ஆற்றலே புதிய துகள்களாக மாறுகிறது. வெளிவருபவற்றில் பெரும்பாலானவை பையான்கள் என்ற லேசான துகள்கள். புரோட்டானின் நிறையில் ஏழில் ஒரு பங்குதான் பையான் என்பதால், அதை உண்டாக்கக் குறைந்த ஆற்றலே போதும்.

பிறக்கும் விதம்தான் என்னை வியக்கவைப்பது. புரோட்டான், நியூட்ரான், பையான் எல்லாம் குவார்க் என்ற நுண்துகள்களால் ஆனவை. குவார்க்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. இரண்டு குவார்க்குகள் விலகும்போது நடுவிலுள்ள விசைப்புலம் நாண்போல இழுபடுகிறது. மின்விசை தூரம் கூடக்கூடத் தேய்ந்துவிடும். இந்த இழுவிசை தேய்வதில்லை. புரோட்டான் அளவே உள்ள இடத்துக்குள் ஏறத்தாழ 16 டன் எடைக்கு நிகரான விசை! நாண் நீள நீள அதில் ஆற்றல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் புதிய குவார்க்காகவும் அதன் எதிர்த்துகளான எதிர்க்குவார்க்காகவும் மாறுகிறது. நாண் அறுகிறது; அறுந்த இரு முனைகளையும் அந்த இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. துண்டுகள் மறுபடியும் இழுபட்டு அறுகின்றன.

இரண்டு புரோட்டான்கள் மோதும்போது இந்தப் படம் போதும். ஈய அணுக்கருக்கள் நேருக்குநேர் மோதினால் நாண்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கவிந்து, தனி நாண் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்த குவார்க்-குளுவான் குழம்பாகிவிடுகின்றன. அது விரிந்து 2 லட்சம் கோடி டிகிரிக்குக் கீழே 'குளிரும்போது' குவார்க்குகள் சேர்ந்து துகள்களாகின்றன.

ஈயத்தில் எதிர்ப்புரோட்டான் (புரோட்டானின் எதிர்த்துகள்) ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மோதிய இடத்திலிருந்து பக்கவாட்டில் வந்தவற்றை செர்னின் ஆலிஸ் என்ற உணர்கருவி எண்ணியபோது புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் ஏறத்தாழ சரிசமமாக இருந்தன. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டவர்கள், 2011இல் எதிர்-ஹீலியம்-4 அணுக்கருக்கள் 18ஐக் கண்டதாக அறிவித்தார்கள். இரண்டு எதிர்ப்புரோட்டான்கள், இரண்டு எதிர்நியூட்ரான்கள், நான்கும் ஒட்டிக்கொண்டு. தங்கத்துக்குள் அவை எங்கே ஒளிந்திருக்க முடியும்?