கமரா கேள்வி பதில்: பனையீர்க்கும் கறுப்புக் கம்பளி நூலும்

கேள்வி: ஐயா, அப்பா கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்த பென்டாக்ஸ் கே1000 கமரா பல வருடங்களாகப் பொலித்தீனில் சுற்றியபடி ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. இப்போது பின்கதவைத் திறந்தால் ஓரமெல்லாம் தார் போல விரலில் ஒட்டுகிறது. ஒரு கலர் பிலிம் போட்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவினேன். படங்களின் இடது பக்கத்தில் நெருப்புப் பிடித்ததுபோல ஒரு செம்மஞ்சள் பட்டை. திருத்தக் கொண்டுபோன இடத்தில், "இது முடிந்த கமரா, அலமாரியில் அழகுக்கு வையுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதானா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பொய், பிள்ளை. முடிந்துபோனது அந்தக் கமராவிலேயே ஆக மலிவான பொருள். பின்கதவு வந்து பொருந்தும் பள்ளங்களிலும் பிணைச்சல் ஓரத்திலும் வெளிச்சம் நுழையாமல் இருக்க ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பொஞ்சு அது. பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். பள்ளிக்கூடத்தில் நீர்ப்பகுப்பு என்று படித்திருப்பீர்கள். வெக்கை அதை விரைவுபடுத்தும். கார்த்திகை, மார்கழி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கும் வன்னியில் அது பிசினாகாமல் இருந்தால்தான் அதிசயம். காப்பாற்ற நினைத்துச் சுற்றிய பொலித்தீன் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும்.

கே1000 வெளிவந்தது 1976இல். 1990களில் வன்னிக்குப் பற்றரி வரத் தடை இருந்தபோது எங்கள் ஸ்ருடியோவுக்குச் சோறு போட்டது இந்த இனம்தான். இதில் பற்றரி வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டுமே, படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டருக்கு வேண்டாம். முள் செத்துக் கிடந்தால் என்ன, நிழலின் கருமையைப் பார்த்தே எடுத்தோம். அப்படிப்பட்ட கமராவை ஒரு துண்டு ஸ்பொஞ்சுக்காக அலமாரியில் ஏற்றச் சொல்கிறவர் மீது எனக்கு மரியாதை வரவில்லை.

உங்கள் படத்திலேயே நோய் எழுதியிருக்கிறது. கமராவுக்குள் உருவம் தலைகீழாக, இடம் வலம் மாறி விழும். ஆகவே படத்தின் இடது பக்கப் பட்டை என்றால், பின்னாலிருந்து பார்க்கும்போது வலது பக்கம், அதாவது பிணைச்சல் ஓரம் ஒழுகுகிறது. நிறம் ஏன் செம்மஞ்சள்? கதவால் வரும் வெளிச்சம் பிலிமின் முதுகில் படுகிறது. பிலிமில் பூசியிருக்கும் படைகளில் சிவப்பை உணர்வது முதுகுக்கு மிக அருகில் இருப்பதால் முதல் அடி அதற்குத்தான்.

இனி வேலைக்கு வருவோம். ஒட்டுவது கால்வாசி, சுரண்டுவதுதான் முக்கால்வாசி. இரும்பு ஆயுதம் எடுக்காதீர்கள். திருப்புளி நுனி பட்டு உட்புறக் கறுப்புப் பூச்சு கீறினால் அந்த இடம் மினுங்கி உள்ளேயே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். காய்ந்த பனையீர்க்கு ஒன்றை எடுத்து நுனியை உளி வாய் போலச் சரிவாகச் சீவுங்கள். ஆணி போலக் கூராக்க வேண்டாம், தட்டையாக இருக்கட்டும். என் மேசையில் எப்போதும் ஒரு பிடி கிடக்கும். மழுங்கினால் திரும்பச் சீவலாம், உடைந்தால் வேலியோரம் வேறு இருக்கிறது.

முதலில் ஷட்டர் திரையின் மேல் ஒரு கடதாசி மட்டைத் துண்டை வெட்டி வைத்து, ஓரத்தில் மெல்லிய ரேப்பால் பிடித்துவிடுங்கள். அந்தத் திரை இறப்பர் பூசிய துணி. பிசின் பட்டால் ஒட்டும், விரல் பட்டால் மடியும். கமராவின் திறந்த பக்கம் நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு சுரண்டினால் தூள் உள்ளே போகாமல் கீழே கொட்டும். பெரிய பிசின் போனபின், மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பிழிந்து, துடையுங்கள். குச்சியிலிருந்து சொட்டு விழக்கூடாது. முதல் குச்சி பனங்கட்டிப் பாகில் தோய்த்ததுபோல வரும். ஏழெட்டுக் குச்சிகளுக்குப் பிறகு மண்ணிறமாகும். வெள்ளையாகவே திரும்பி வரும் வரை விடாதீர்கள். மிச்சப் பிசினுக்கு மேல் புதிதை ஒட்டினால் ஆறு மாதத்தில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கையும் பூச்சையும் சேர்த்தே கரைக்கும்.

பள்ளங்களுக்கு நான் இப்போது ஸ்பொஞ்சே போடுவதில்லை. கறுப்புக் கம்பளி நூல். பசையைப் பள்ளத்தில் இடைவிட்டுப் புள்ளி புள்ளியாக வைத்து, நூலை இழுக்காமல் படுக்கவிட்டு, ஈர்க்கால் அழுத்த வேண்டும். இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விடும். அந்த மூலைதான் ஒழுகும். பிணைச்சல் ஓரத்துக்குத் தையற்காரரிடம் கறுப்பு வெல்வெட் வெட்டுத்துண்டு கேளுங்கள். வாங்குமுன் அதன் பின்னால் ரோச் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். சில கறுப்புத் துணிகள் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். கதவு முன்புபோல இலகுவாகப் பூட்டவேண்டும். அமத்தித்தான் பூட்ட முடிகிறது என்றால் தடிப்பு கூடிவிட்டது.

இன்னொரு ஸ்பொஞ்சு முன்பக்கம், லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கு மேலே குறுக்காக இருக்கும். படம் எடுக்கும்போது மேலெழும் கண்ணாடி போய் மெத்தென்று மோதும் இடம். இதற்கு இரண்டு மில்லிமீற்றர் ஒட்டு ஸ்பொஞ்சுதான் சரி. ஒட்டும் பக்கத்தை நாக்கால் நனைத்துவிட்டு வையுங்கள். அருவருக்க வேண்டாம், எச்சில் காயும் வரை வழுக்கிக்கொண்டிருப்பதால் நேராக நகர்த்தி வைக்க முடியும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை மட்டும் துடைக்காதீர்கள். வீட்டு நிலைக்கண்ணாடிபோல அல்ல, இதன் பூச்சு முன்முகத்திலேயே இருக்கிறது. வேலை பழகிய காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் கமராக் கண்ணாடியைச் சாரத் தலைப்பால் துடைத்தேன். மயிரிழைக் கோடுகள் நூறு விழுந்தன. படம் எடுக்கும் கணத்தில் கண்ணாடி விலகிவிடுவதால் அவை பிலிமில் விழாது என்பது உண்மை. அதை அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க ஒரு பின்னேரம் போயிற்று.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்தேன். முப்பத்தாறில் நான்கு படங்களில் மட்டும் வெள்ளைக் கோடு. மற்றவை சுத்தம். ஸ்பொஞ்சு பழுதென்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டாமா?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, அந்த நான்கு படங்களையும் எடுப்பதற்கு முன்போ பின்போ கமராவை வெயிலில் தோளில் தொங்கவிட்டு நேரம் போக்கியிருப்பீர்கள். மோதகமோ மோரோ, நான் கேட்கமாட்டேன். கதவுக்குப் பின்னால் காத்துக்கிடந்த பிலிம் துண்டுதான் ஒழுக்கைக் குடித்தது. மளமளவென்று எடுத்தவை தப்பிவிட்டன.

நெகட்டிவை எடுத்துப் பாருங்கள். படத்தில் வெள்ளையாக வந்த கோடு அதில் கறுப்பாக இருக்கும். கறுப்புக் கறை படச் சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை ஓடியிருந்தால் கதவுதான் குற்றவாளி. சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் திரையில் ஓட்டை இருக்கலாம். அது ஈர்க்கால் தீருகிற வேலை அல்ல. இரவில் விளக்கை அணைத்து, திறப்புக்கோர்வையில் தொங்கும் சின்ன ரோச்சைக் கொளுத்தி பிலிம் உருளை இருக்கும் குழிக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் சுற்றிப் பாருங்கள், ஒழுகும் இடம் நூல்போல ஒளிரும். ஸ்பொஞ்சு மாற்றும்வரை கதவு ஓரத்தைக் கறுப்பு மின்சார ரேப்பால் சுற்றி ஒட்டி எடுக்கலாம். பார்க்க வடிவில்லை, வேலை செய்யும்.

கேள்வி: என் டிஜிட்டல் கமராவுக்கும் கதவு ஸ்பொஞ்சு மாற்ற வேண்டுமா?
— வாசகர், வவுனியா

பதில்: அதற்கு பிலிம் போடும் கதவே இல்லை. பற்றரி மூடியைத் திறந்துவிட்டுத் தேட வேண்டாம்.