நட்சத்திரம் இல்லாத ஊரில் முதியோர் இல்லம் பார்ப்பது

தம்பிக்கு வணக்கம்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து திருமங்கலம் வீட்டுக்குத் திரும்பியிருக்கும் உங்கள் அம்மாவை இனித் தனியாக விட முடியாது என்றும், கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவாலும் எட்டு மாதத்துக்கு முன்பு டாலஸுக்கு வந்த உங்களாலும் அவரை உடன் வைத்துக்கொள்ள இயலவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கர் ஒருவர் தன் தாயாருக்கு, அமெரிக்க அரசு இணையத்தில் தரும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்தே ஒரு நர்சிங் ஹோமைத் தேர்ந்தெடுத்தாராம். மதுரையில் அப்படி ஒன்று உண்டா, இல்லையென்றால் டிசம்பரில் கிடைக்கும் பன்னிரண்டு நாள் விடுப்பில் எதை வைத்து முடிவு செய்வது என்பது உங்கள் கேள்வி. நான் செல்லூர்க்காரன், ஒகையோவுக்கு வந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. என் அம்மா தம் கடைசி நான்கு ஆண்டுகளை மதுரையைச் சுற்றியுள்ள இரண்டு இல்லங்களில் கழித்தார். முதல் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான், தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கையுள்ள தனியார் மருத்துவமனை. நாமெல்லாம் பிறந்த இடம். அந்தப் பெயரில் தேடினால் பிரசவ ஆஸ்பத்திரிகள்தான் வரிசையாக வரும். முதியோர் இல்லம், முதியோர் பராமரிப்பு மையம் என்றே விசாரியுங்கள். அதிலும் நடமாடுகிறவர்களை மட்டும் சேர்ப்பவை, படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் சேர்ப்பவை என்று இரண்டு வகை உண்டு. உங்கள் அம்மா இன்று வாக்கர் பிடித்து நடந்தாலும், இரண்டாவது வகையை மட்டும் பாருங்கள். நடக்க முடியாமல் போன மறுநாள் "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று டாலஸுக்குத் தொலைபேசி வந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்?

உங்கள் நண்பர் பார்த்த நட்சத்திரங்கள் 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தவை. அவற்றுக்குப் பின்னால் 1987இல் இயற்றப்பட்ட நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. மெடிகேர், மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்கும் எந்த இல்லத்துக்குள்ளும் அரசு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி நுழையலாம். ஒரு முழு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த ஆய்வில் கண்ட குறைகள், சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஊழியர் கணக்கு, அங்கே இருப்பவர்களின் உடல்நிலை பற்றிய அளவீடுகள் ஆகிய மூன்றையும் கூட்டித்தான் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள். மூன்றாவது கணக்கில் பெரும்பகுதி இல்லமே எழுதிக் கொடுப்பது என்பதால், இங்கே விவரம் தெரிந்தவர்கள் மொத்த நட்சத்திரத்தை நம்பாமல் ஆய்வறிக்கையையும் ஊழியர் கணக்கையும் தனியாகத் திறந்து படிப்பார்கள். மதுரையில் அப்படித் திறந்து படிக்க ஏதும் இல்லை. கூகுளில் நட்சத்திரம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே ஐந்து போட்டவர்களில் பலர், பிள்ளையின் பிறந்தநாளுக்கோ அப்பாவின் திதிக்கோ ஒரு வேளை அன்னதானம் போடப் போய், கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள். ஆகையால் அந்த ஆய்வாளரின் வேலையை நீங்களும் அக்காவும்தான் செய்ய வேண்டும்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். நத்தம் சாலைப் பக்கம் இருந்த அந்த முதல் இல்லத்தில் தோட்டம் இருந்தது, சிறிய பிள்ளையார் கோயில் இருந்தது, வரவேற்பறையில் குளிர்சாதனம் இருந்தது. உரிமையாளர், "உங்கம்மாவ எங்கம்மா மாதிரி பாத்துக்குவோம் சார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காணொளி அழைப்பு வரும். தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். நான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒரு புதன்கிழமை பிற்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் போன என் சித்தி மகள் அம்மாவுக்குச் சேலை மாற்றிவிடலாம் என்று ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். முதுகின் அடியில், வால் எலும்பின் மேல், எலுமிச்சம்பழம் அளவுக்குப் படுக்கைப் புண். நான் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் அந்தப் புண் படத்துக்கு ஒரு முழம் கீழே இருந்திருக்கிறது. அந்த மாடியில் படுக்கையில் கிடந்தவர்கள் பதினெட்டுப் பேர், அவர்களுக்கு இரவில் ஒரே ஓர் ஆயா என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்த ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன். தாமாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பதினெட்டுப் பேரை ஒருத்தி திருப்புவது நடக்கிற காரியமா?

ஆகவே உங்கள் முதல் கேள்வி, இரவு இரண்டு மணிக்கு இந்த மாடியில் விழித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதாக இருக்கட்டும். அவர்களில் செவிலியர் படிப்பு படித்தவர் யார், மற்றவர்களுக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். பதிலை வாயால் வாங்கிக்கொள்ளாமல் நேற்றைய இரவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவை மாற்றிச் சேர்த்த இரண்டாவது இல்லம் ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் போகும் வழியில் இருந்தது. தோட்டமும் இல்லை, கோயிலும் இல்லை, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டையும், நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலும் இருந்தன. மணி பத்து, இடது, பன்னிரண்டு, நேர், இரண்டு, வலது என்று வெவ்வேறு கையெழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

மாத்திரை அட்டையும் அப்படித்தான். காலை பதினொரு மணிக்குப் போய், இன்றைய தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இரவு மாத்திரைக்கும் அப்போதே டிக் போட்டிருந்தால் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிடலாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்சுலின் போட்டபின் சாப்பாடு எவ்வளவு நேரத்தில் வருகிறது, இரவில் சர்க்கரை இறங்கி வியர்த்துப் போனால் சோதிக்கக் கருவி அந்த மாடியிலேயே இருக்கிறதா, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இரவுப் பணியில் இருப்பாரா என்பதையெல்லாம் அவசியம் கேட்டுவிடுங்கள்.

உரிமையாளரின் அறையில் அதிக நேரம் உட்காராதீர்கள். சாப்பாட்டு நேரத்தில், படுக்கையில் இருப்பவர்களின் அறைக்குப் போய் நில்லுங்கள். ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே வாயில் திணிக்கிறாரா? சாப்பிட்டவரை அரை மணி நேரமாவது சாய்த்து உட்கார வைக்கிறார்களா, உடனே கிடத்திவிடுகிறார்களா? விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உணவு மூச்சுக்குழலில் ஏறி நிமோனியா வருவதற்கு அந்த அவசரமும் ஒரு காரணமாகிறது. தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, எட்டாத அலமாரியிலா என்று பாருங்கள். எல்லாரும் பெரிய முகப்பைப் பார்ப்பார்கள், நீங்கள் அங்கிருப்பவர்களின் விரல் நகத்தையும் குதிகாலையும் பாருங்கள். மூத்திர நாற்றம் ஓரிடத்தில் அடித்தால் அது சாதாரணம், இப்போதுதான் யாரோ நனைத்திருப்பார்கள். கட்டிடம் முழுவதும் அடித்தாலோ, அதை அமுக்குகிற அளவுக்குப் பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தாலோதான் யோசிக்க வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. முதல் அடையாளம் தோல் சிவப்பது என்றுதான் எங்கும் எழுதியிருக்கும்; நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அந்த இடம் சுற்றுத் தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவே தொடக்கம். இதை அக்காவுக்கும் சொல்லிவையுங்கள்.

விழுவதைப் பற்றி ஒரு சோதனை உண்டு. "இங்கே கடைசியாக விழுந்தது யார், அதன் பிறகு என்ன மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை என்றால், ஒன்று அது பொய், அல்லது யாரையும் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. இரண்டாவது உங்கள் அம்மாவுக்கு மிகவும் ஆபத்தானது. இடுப்பு அறுவைக்குப் பிறகு நடக்க வைக்காமல் பத்திரமாகப் படுக்க வைத்தால், சில வாரங்களிலேயே கால் வலுவிழந்துவிடும். படுத்தே கிடப்பவர் விழுவதில்லை, இல்லத்துக்கும் தொல்லை குறைவு என்பதை மனதில் வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் வாரம் எத்தனை நாள் வருகிறார், வராத நாள்களில் நடத்திக் கூட்டிப் போவது யார் என்று பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அதை ஒருமுறை பிடித்து இழுத்துப் பாருங்கள். டைல்ஸில் பேருக்கு ஒட்டிவைத்தவையும் உண்டு.

இரவில் தூங்காமல் எழுந்து நடப்பவர்களை என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். துண்டால் கையைக் கட்டிலோடு கட்டுவது, தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது இரண்டும் நடக்கக்கூடியவை. பாதுகாப்புக்காக என்று நயமாகவே சொல்வார்கள். நமக்கு அதிகத் தொலைவில்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். ஆகவே மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா, இரவில் வெளிக்கதவைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும், தீயணைப்புத் துறையின் சான்று நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

மதுரையில் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கதிகள் உண்டு. முதலாவது மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படுவது உங்களுக்குத் தெரியும். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்றுப் படுக்கைக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் காற்று இறங்கி நோயாளி பலகையின் மேல் கிடப்பார். இன்வெர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமா, அந்தப் பிளக்குக்கும் உண்டா என்று பாருங்கள். இரண்டாவது திருவிழா. அழகர்கோயில் சாலையில் இருக்கும் இல்லங்கள் அமைதியானவை, காற்றோட்டமானவை, எனக்கும் பிடித்தவை. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றும், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கும்போதும், மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம், கோரிப்பாளையம் வரை மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அன்றைக்கு ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கும் நான்கரை மணி நேரத்தில் 108 வண்டி எந்த வழியாக அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போகும்? ஆயாக்களும் மதுரைக்காரர்கள்தானே, அவர்களுக்கும் அழகரைப் பார்க்க ஆசை இருக்கும். அன்றும் பொங்கல் மூன்று நாளும் பணிப்பட்டியல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒழுங்கான இல்லம் இந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டுத் தெளிவாகப் பதில் சொல்லும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமூகநலத் துறையில் பதிவு செய்த இல்லமா என்பதை அவர்கள் காட்டும் சான்றோடு விடாமல், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஊசி, சலைன், ஊட்டக்குழாய் என்று மருத்துவமும் பார்ப்பதாகச் சொன்னால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பெற்ற பதிவையும் கேளுங்கள். முறையீட்டுக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. ஒப்பந்தத்தில் டயப்பர், மருந்து, மருத்துவமனைத் துணை ஆகியவை தனிக் கட்டணமா, முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், நீங்கள் தூங்கும் நேரத்தில் அவசரம் என்றால் யார் கையெழுத்துப் போடலாம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் அம்மாவுக்கு ஒன்று நேர்ந்தால் நீங்கள் வந்து சேரும்வரை உடலை எங்கே வைப்பார்கள் என்பதையும் அக்காவை விட்டாவது கேட்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த ஏற்பாட்டை முன்பே பேசி வைத்திருந்ததால்தான் நான் தத்தனேரி மயானத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடிந்தது.

இனி உங்கள் பன்னிரண்டு நாள். பத்து நாள் அலைந்து இல்லம் தேடி, பதினொன்றாம் நாள் அம்மாவைச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறுவது என்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது. நானும் அப்படித்தான் செய்தேன். அதைத் தலைகீழாக்குங்கள். தேடுவதை இந்த இரண்டு மாதத்தில் அக்காவும் உறவினரும் முடிக்கட்டும்; அம்மாவிடமும் இப்போதே பேசி, பட்டியல் அவருக்குச் சம்மதமான இரண்டு இடங்களில் வந்து நிற்கட்டும். நீங்கள் இறங்கிய மூன்றாம் நாள் சேர்த்துவிட்டு, மீதி நாள்களில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி, ஒரு நாள் இரவு பத்தரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்று கெட்ட நேரமாகப் பார்த்துப் போங்கள். அந்த நேரங்களில் வாசலிலேயே நிறுத்தும் இல்லம் என்றால், மாற்றுவதற்கு உங்கள் கையில் நாள் மிச்சம் இருக்கும். திரும்பி வந்தபின், வாரம் ஒருமுறை கிழமை சொல்லாமல் போய், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். காணொளி அழைப்பு அம்மாவின் குரலைக் கேட்பதற்கு மட்டும்.

நீங்கள் குறித்து வைத்திருக்கும் மூன்று இல்லங்களின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். நான் சொன்ன சித்தி மகள் இப்போதும் ஒத்தக்கடையில்தான் இருக்கிறாள். திருமங்கலம் அவளுக்குத் தூரம்தான், ஆனால் போவாள். எந்தக் கிழமை என்று மட்டும் உங்களிடமும் சொல்ல மாட்டாள்.