கண்மாயின் நாளேடு

அன்புள்ள ஐயா,

கீழக்கரையில் கருவாட்டு வணிகம் செய்கிறேன். பறவையியலாளர் சாலிம் அலி, இயற்கை ஆர்வலர் ஜாஃபர் ஃபதேஹல்லி ஆகியோரின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து கடையில் மனம் ஒட்டவில்லை. முதலாமவர் வணிகம் நொடித்த பிறகு பறவைகளிடம் வந்தார். இரண்டாமவர் தொழிலை நடத்திக்கொண்டே பறவைகளுக்காக உழைத்தார், எழுதினார். நான் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நம் மாவட்டப் பறவைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஒரு நூலும் எழுத விரும்புகிறேன். இருவரில் யாருடைய வழி எனக்குப் பொருந்தும்? தனுஷ்கோடியில் நான் எடுத்த பூநாரைப் படங்களை இணைத்துள்ளேன்.

ர., கீழக்கரை

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த காலையில், என் தந்தையின் பழைய கணக்குச் சிட்டைகளைத் திண்ணையில் பரப்பி வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் கருவாட்டு வணிகர். ஆகவே உங்களுக்கு உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் படங்களைப் பற்றி. நான்காவது படத்தில் பூநாரைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் எழும்பியிருக்கின்றன. சேற்றில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் காரணமின்றி அப்படி எழுவதில்லை. யாரோ மிக அருகில் சென்றிருக்கிறார்கள். அது நீங்களாக இருந்தால், இனி ஒருமுறையும் அதைச் செய்யாதீர்கள். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை இங்கே சேர்த்துக்கொள்ளும் வலுவை, நம் படத்துக்காகச் செலவிட வைப்பது திருட்டு. 2025-இல் அரசு தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அறிவிப்பு வந்த பின்னும் நாம் மணலில் இறங்கி நடந்துகொண்டேயிருந்தால் அந்தப் பறவைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

அறக்கட்டளையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நூலும் காத்திருக்கட்டும்.

சாலிம் அலியின் வணிகத் தோல்வியை நீங்கள் ஒரு விடுதலையாக வாசித்திருக்கிறீர்கள். பர்மாவின் டவாய் பகுதியில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மர வணிகத்தையும் கவனித்தவர், இடையில் மும்பைக்குத் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார் என்பதை ஏனோ எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பின்னாளில் வேலையில்லாமல் கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் இருந்தபோது, தூக்கணாங்குருவிகளின் ஒவ்வொரு கூட்டையும் தனித்தனியே கவனித்து, எந்த ஆண் எந்த நாளில் எவ்வளவு முடைந்தது, எந்தப் பெண் எப்போது ஏற்றுக்கொண்டது என்று அவர் குறித்துவைத்தாரே, அதில் ஒரு கணக்கரின் பொறுமையை நான் காண்கிறேன். ஃபதேஹல்லி 1960-இல் பறவை நோக்குவோருக்கென்று ஒரு சிறிய மாத இதழைத் தொடங்கி, 2003 வரை அதன் ஆசிரியராக இருந்தார். எங்கோ ஒரு சிற்றூரில் ஒருவர் கண்ட பறவையும் கண்ட நாளும் அதில் பதிவாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடுத்தவர் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயிலும் ஒரு காலத்தில் பறவைகள் கூடு கட்டின. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாக நீர் வந்து சேர்ந்ததும் கூழைக்கடாக்களும் நத்தைகொத்தி நாரைகளும் வரும். நீரில் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கூடு வைக்கும். அடியில் நீர் நிற்கும்வரை நாயும் நரியும் மரத்தை நெருங்காது. குஞ்சுகளுக்கு மீனும் அருகிலேயே கிடைக்கும். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரில் எவரும் அவற்றை விரட்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், பழுதான மடையின் வழியாக நீர் வெளியேறிவிட்டது. தாய்ப்பறவைகள் கூடுகளைக் கைவிட்டன. இறகு முளைக்காத குஞ்சுகள் காய்ந்த தரையில் விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

மடையைச் சீர்செய்யக் கோரி மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் அமைதியாக, "சென்ற ஆண்டு எத்தனை கூடுகள் இருந்தன? நீர் எந்தத் தேதிவரை நின்றது?" என்று கேட்டார். "ஏராளமாக இருந்தன" என்றேன். அவர் மனுவை மடித்து ஓரமாக வைத்தார். அது பிறகு எங்கும் நகரவில்லை. அலட்சியம் அங்கே இருந்தது உண்மை; ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த என்னிடம் ஓர் எண்கூட இல்லை.

என் தந்தையிடம் இருந்தது. அவர் இறந்த பிறகுதான் அதைக் கண்டேன். பல ஆண்டுகளில் ஏதோ ஒரு தேதியில், "கலுங்கு பாய்ந்து பாதை மூடியதால் வண்டி சுற்றி வந்த கூலி" என்று ஒரு செலவு எழுதியிருக்கிறார். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் வழி. பதினேழு ஆண்டுகள் எங்கள் கண்மாய் நிறைந்த நாள்கள் அந்தச் செலவுக் கணக்கில் இருக்கின்றன. சில ஆண்டுகளில் அந்த வரி இல்லை; அந்த ஆண்டுகளில் கண்மாய் நிறையவில்லை என்று அறிந்துகொள்கிறேன். பறவைகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பறவைகளின் வரலாறாக எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இலிருந்து பறவைகள் சரணாலயங்கள். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. இவற்றைக் கணக்கெடுக்க வனத்துறை இருக்கிறது. பெயர் பெறாத கண்மாய்களுக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே வாரந்தோறும் போய் நிற்கக்கூடியவர், அருகில் வசித்து, அன்றாடம் கணக்கெழுதிப் பழகியவர் மட்டுமே. கடையை விட்டுவிட்டால் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன்.

உங்களுக்குப் பக்கமான ஒரு கண்மாயைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கரையிலேயே நின்று, மரங்களை நெருங்காமல், தொலைநோக்கியால் பாருங்கள். மடைக்கல்லில் நீர் எத்தனை படிவரை நிற்கிறது, எத்தனை கூடுகள், எத்தனை குஞ்சுகள், எந்தெந்தப் பறவைகள் என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாத வாரத்தில் "ஒன்றும் இல்லை" என்று தேதியிட்டு எழுதுங்கள். அந்த வரியை மட்டும் தவறவிடாதீர்கள். பங்குனி முடிந்ததும் அந்தப் பக்கங்களின் படியை எனக்கு அனுப்புங்கள். படங்கள் வேண்டாம்.

அன்புடன்