மறுமொழி: எட்டு ஆண்டு சிகிச்சைப் பணிக்குப் பின் முனைவர் பட்டம்

வணக்கம். எட்டு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைத் தாமே செய்ய உதவும் சிகிச்சை) அளித்துவரும் தாங்கள், இனி முனைவர் பட்டத்துக்குப் போனால் கைப்பழக்கம் விட்டுப்போகுமோ என்றும், உளவியலில் பதிவு செய்தால் நம் துறையினர் ஏற்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் நம் துறையின் அமெரிக்க முன்னோடி ஜீன் அயர்ஸின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

அவர் 1945இல் இளநிலைப் பட்டத்தையும் 1954இல் முதுநிலைப் பட்டத்தையும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நம் துறையிலேயே பெற்றார். 1961இல் பெற்ற முனைவர் பட்டமோ கல்வி உளவியலில். ஆனாலும் இரண்டே ஆண்டுகளில், 1963இல், அமெரிக்காவில் இத்துறையின் பெருங்கௌரவமாகிய எலினர் கிளார்க் ஸ்லேகில் சொற்பொழிவு அவருக்கு வழங்கப்பட்டது. சட்டைக் காலரின் லேபிள் உறுத்துகிறதென்று அழும் குழந்தையை அடம்பிடிப்பதாக ஒதுக்காமல், தொடுவுணர்வை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தோடு பொருத்திப் பார்க்க நமக்குக் கற்றுத்தந்ததும், சிகிச்சைக்காக நாம் கூரையில் தொங்கவிடும் ஊஞ்சலுக்குப் பின்னால் புலன் ஒருங்கிணைப்பு என்னும் ஒரு கோட்பாட்டை நிறுத்தியதும் அவரே. (அதன் சான்றுகள் குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை, தங்களுக்கு அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.)

கைப்பழக்கம் பற்றிய கவலையும் வேண்டாம். பல்கலைக்கழகத்தில் கற்பித்த பின்னரும், 1970களில் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கி அவர் குழந்தைகளைப் பார்த்துவந்தார். எனவே, வாரத்தில் இரண்டு நாளாவது சிகிச்சை அறையில் இருக்க அனுமதிக்கும் வழிகாட்டியை முதலில் தேடுங்கள். எந்தத் துறையில் பதிவு செய்வது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.