மூட்டையைக் குறையுங்கள், மத்தியானத்தை எழுத்துக்கு விடுங்கள்

கேள்வி: நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். கவிதை எழுதுவேன், பேனாவில் படமும் வரைவேன். போன கோடை விடுமுறையில் பொன்னானி வழியாகக் கண்ணூர் வரை சைக்கிளில் போனேன். டென்ட், அடுப்பு, லேப்டாப், கேமரா, படம் வரைய மூன்று நோட்டு என்று சுமை 22 கிலோ. ராத்திரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். ஒரு பக்கம்கூட எழுதாமல் திரும்பினேன். இந்த முறை எல்லையை ஒட்டியே பொள்ளாச்சி, தேனி, குமுளி, செங்கோட்டை வழியாகக் கன்னியாகுமரி வரை போகத் திட்டம். எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவது? எழுத்தும் படமும் நடக்க என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வருஷம் எழுத முடியாமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை. எழுதுவதற்கு ஒதுக்கிய நேரம்தான் தப்பு. பகலெல்லாம் மிதித்துவிட்டு, குளித்து, துணி அலசி, சாப்பிட்டு, அப்புறம் ஒரு கவிதை என்றால் எந்த உடம்பும் ஒத்துழைக்காது. ராத்திரியைத் தூக்கத்துக்கே கொடுத்துவிடுங்கள். மத்தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில், அதுவும் கத்திரி பிறந்துவிட்டால், உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில் 11 மணிக்கு மேல் சைக்கிள் மிதிப்பது வீம்பு. காலை 5.30-க்குக் கிளம்பினால் 10.30-க்குள் 50 கிலோமீட்டர் போய்விடலாம். அன்றைய பெரிய ஓட்டம் அதோடு முடிந்தது. அடுத்த நாலைந்து மணி நேரம் வெயிலே உங்களை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடும். கோயிலின் வெளி மண்டபமோ ஆலமரத்து மேடையோ போதும். முதலில் அரை மணி நேரம் படுத்து எழுந்திருங்கள், பிறகு நோட்டைத் திறங்கள். காலையில் பார்த்தது கண்ணிலேயே நிற்கும். சாயங்காலம் தமிழ்நாட்டுப் பக்கம் இன்னும் ஒரு 20 கிலோமீட்டர் போகலாம். குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் அது இடியோடு கோடை மழை கொட்டும் பருவம். அங்கே மத்தியானத்தோடு சைக்கிளை நிறுத்திவிடுங்கள்.

கேரளப் பக்கம் சாயங்காலம் போய் உட்கார நல்ல இடம் வாயனசாலை. பி.என்.பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் தொடங்கி வைத்த நூலக இயக்கத்தின் பலனாக, ஊருக்கு ஊர் ஒரு வாசகசாலை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் மாலையில்தான் திறப்பார்கள். மேசை உண்டு, மின்விசிறி உண்டு, படிக்கப் பத்திரிகையும் உண்டு. ஆகவே வழியில் படிக்கப் புத்தகம் எதுவும் தூக்க வேண்டாம்.

சரி, மூட்டைக்கு வருவோம். 8 கிலோவைத் தாண்டக் கூடாது. டென்டும் அடுப்பும் இந்தப் பாதைக்குத் தேவையே இல்லை. 30, 40 கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு லாட்ஜ், முக்குக்கு முக்கு ஒரு இட்லிக் கடை. முதல் நாளுக்கு உங்கள் பக்கத்து ராமசேரி இட்லியைப் பொடியோடு கட்டிக்கொண்டால் மறுநாள் காலைவரை தாங்கும். உடுத்தியது போக ஒரு ஜோடி துணி, இரண்டு தோர்த்து (கேரளத்து மெல்லிய துண்டு). நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ள, துவட்ட, விரித்துப் படுக்க எல்லாவற்றுக்கும் தோர்த்துதான். பிழிந்து கேரியரில் கட்டினால் அடுத்த ஊருக்குள் காய்ந்துவிடும். பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், இரண்டு டியூப், ஸ்பேனர். ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கிற அளவு டியூபும் வால்வும் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்; பொருந்தாவிட்டால் டியூபை மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப், கேமரா இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886-இல் சைக்கிளில் உலகத்தையே சுற்றி முடித்த தாமஸ் ஸ்டீவன்ஸ் எடுத்துப் போனது காலுறை, மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. பெரிய சக்கர வண்டியில் போன அந்த மனிதர் வழியிலிருந்தே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டும் இருந்தார்.

ஆனால் சுமை குறைந்ததும் எழுத்து தானாக வந்துவிடாது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுத நினைத்தால் ஒன்றும் நிற்காது. ஒரே பொருளைப் பிடியுங்கள். உங்கள் பாதைக்கு எனக்குத் தோன்றுவது கடைப் பலகைகள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை போட்டார்கள். செங்கோட்டையும் குமரிப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் நின்றன. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் இன்றும் ஒரே பலகையில் தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கையால் எழுதிய பலகை குறைந்துகொண்டே வருகிறது, ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. இரண்டு எழுத்தையும் வாசிக்கத் தெரிந்த நீங்கள் இதை வரையாவிட்டால் வேறு யார் வரைவார்கள்? நாளுக்கு ஒரு பலகை, அதன் கீழே கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம். அது போதும்.

வரைவதற்கு நோட்டை விடத் தபால் அட்டை நல்லது. இன்னமும் 50 காசுதான். கிளம்பும் முன்பே ஒரு கட்டு வாங்கிவிடுங்கள், சிறிய தபால் நிலையங்களில் சில சமயம் கிடைப்பதில்லை. ஜெல் பேனா வேண்டாம், வியர்வை பட்டால் மை கலைந்துவிடும். சாதாரண பால்பாயின்ட் பேனா தாங்கும். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வரையுங்கள், இல்லாவிட்டால் அட்டை நனைந்து ஊறிப்போகும். வரைந்ததும் உங்கள் வீட்டு முகவரி எழுதி அன்றைக்கே பெட்டியில் போட்டுவிடுங்கள். திருத்த வழியில்லை, சுமக்கவும் வேண்டாம். சில அட்டை வந்து சேராமல் போகலாம், அதனால் போடும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில அட்டைகளை அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்வேன். ஒடிசாவில் பிறந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா, ஸ்வீடனில் இருந்த காதலியைத் தேடி 1977-இல் டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று போகும் வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களின் முகத்தை வரைந்து கொடுத்தே சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கொண்டார். பயணம் தனி, படம் தனி என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தினமும் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பத்துப் பேர் பார்த்து நெருப்புப் படம் அனுப்பிவிட்டால் மனசுக்கு அது சொல்லி முடித்த கதை ஆகிவிடுகிறது. மறுபடி உட்கார்ந்து எழுதக் கை வராது. ஊருக்குத் திரும்பி, எழுதி முடித்த பிறகு காட்டுங்கள். வீட்டாருக்கு மட்டும் ராத்திரி ஒரு நேரம் வைத்து, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மிதிக்கும்போது போன் பையில் இருக்கட்டும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏற்றத்தில் வண்டி மெதுவாக நகரும்போதுதான் நல்ல வரி வரும். நடு ஏற்றத்தில் நிறுத்தாதீர்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய், அடுத்த டீக்கடையில் டீ சொல்வதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

அந்தப் பக்கம் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும் முன் பிரேக் கட்டையைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நீண்ட இறக்கம், நடுவே நடுவே நின்று ரிம்மை ஆறவிட்டு இறங்க வேண்டும். புனலூரில் ஒரு மத்தியானம் முழுவதும் தங்கலாம், கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்கு பாலம் இருக்கிறது. ஆரியங்காவு தாண்டினால் செங்கோட்டை, அதன் பிறகு பாதை எளிது. ஜூன் முதல் தேதி பள்ளி திறந்துவிடும். கன்னியாகுமரியிலிருந்து பாலக்காடு வழியாகப் பெங்களூரு போகும் ரயில் தினமும் உண்டு. சைக்கிளைப் பார்சலில் போட வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.