சோறும் கோழியும் தின்னும் நாய்க்குட்டிக்கு முன்னங்கால் வளைவது

எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும் தின்னும் 3 மாத நாய்க்குட்டிக்கு முன்னங்கால் வளைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கால்சியம் குறைவு. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். பற்றாததை உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும்.

ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் வழுக்கிக் காலை அகட்டும். மண்ணில் நடக்கவிட்டுப் பாருங்கள். அங்கே நேராக நின்றால் பெரும்பாலும் தரைதான், சாக்கு விரியுங்கள். மண்ணிலும் வளைந்தால் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கால்சியத்துக்கு முட்டை ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைக்கலாம். வளர்ந்த நாய்க்கு அரை கிலோ கறிக்கு அரை டீஸ்பூன். குட்டிக்கு இன்னும் கூடுதல் தேவை, ஆனால் அளவை மருத்துவரே எடை பார்த்துச் சொல்லட்டும். கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கெடும்.

சின்ன வெங்காயம் போட்ட குழம்புக் கறியைக் கழுவியும் கொடுக்காதீர்கள், வெங்காயம் சிவப்பணுவை அழிக்கும்.